ஓட்டமும் சைக்கிளுமா திரியிற எங்களுக்கு காவலுக்கு எந்த நாய் சரிவரும்?

விடியஓட்டம்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் இவரும் கோண்டாவில்ல இருக்கிறம், கலியாணம் முடிச்சு இப்பதான் தனி வீடு எடுத்து வந்தனாங்கள். ரெண்டு பேரும் வீட்டுக்க அடைஞ்சு கிடக்கிற ஆக்கள் இல்லை, கிழமை நாளில விடிய வெளிக்கிட்டு பண்ணைப் பக்கம் ஓடுவம், சனி ஞாயிறு எண்டால் சைக்கிள்ல காரைநகர் கசூரினா வரைக்கும் போய் குளிச்சிட்டு வருவம், சில நேரம் மணற்காட்டுப் பக்கமும் போறது. பழைய வீடு, வளவு மூண்டு பரப்புக்கு மேல வரும், முன்னுக்கு மதில், பின்னுக்கு தகரவேலி.

எங்கட ஒழுங்கையில ரெண்டு பக்கமும் வீடு பூட்டிக்கிடக்கு, ஆக்கள் கனடாவிலயும் லண்டனிலயும். இவருக்கு கிளிநொச்சியில வேலை, மாதத்தில சில இரவு அங்கதான் தங்கிறவர், அந்த நாளில நான் தனிய. அண்மையில ஆரோ பின்வேலியால ஏறி வந்து தண்ணி மோட்டரைக் கழட்டிக்கொண்டு போட்டினம். அதுக்குப் பிறகு ஓலை விழுந்தாலும் நான் எழும்பி இருக்கிறன், அதாலதான் நாய் ஒண்டு வளப்பமெண்டு முடிவெடுத்தம்.

இவருக்கு பெல்ஜியன் மலினுவாதான் வேணுமாம், யூரியூப்பில மதில் பாய்ஞ்சு ஏறுற வீடியோவெல்லாம் பாத்து வச்சிருக்கிறார். எனக்கு அல்சேசன்ல (ஜேர்மன் ஷெப்பர்ட்) விருப்பம். மாமி ரொட்வைலர் எண்டுறா. அம்மா சொல்லுறா ஏதாவதொரு நாயைக் கொண்டுவந்து படலையடியில சங்கிலியில கட்டிவிட்டால் காணுமெண்டு.

ஒண்டு கட்டாயம் சொல்லவேணும், நான் பின்னேரம் வீட்டில கணக்கு ரியூசன் குடுக்கிறனான். ஆறாம் வகுப்புப் பிள்ளையளில இருந்து ஓஎல் பெடியள் வரைக்கும் படலையால வந்துபோவினம், சத்தம் போடுவினம், ஓடுவினம். ஒரு பிள்ளைக்கும் கீறல் கூட விழக்கூடாது. அதே நாய் இரவில எனக்குத் துணையாவும் நிக்கவேணும், எங்களோட ஓடவும் வேணும். ரெண்டு பேரும் சின்னனில ஊர் நாயோட வளந்தனாங்கள், ஆனா சாதி நாய் வளத்த அனுபவம் இல்லை. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

அல்சேசன்_கோப்பாய்:

தங்கச்சி, நான் கனகாலமா அல்சேசன் வளக்கிறனான். முதல்ல மலினுவாவை விடுங்கோ. அது கூடாத நாய் எண்டு சொல்லேல்லை, அதை மாதிரிக் கெட்டிக்கார நாய் குறைவு, அதுதான் உலகம் முழுக்க பொலிசும் ஆமியும் வச்சிருக்கினம். ஆனா அது வேலைக்கெண்டே பிறந்த நாய். பத்துக் கிலோமீற்றர் ஓட்டினால் அடங்கிப்போய்ப் படுக்கும் எண்டு இவர் நினைக்கிறாராக்கும், அப்பிடி அடங்காது. நீங்கள் ஓட ஓட அதுக்கு இன்னும் பலம் கூடும், மூளைக்கு வேலை இல்லையெண்டால் வீட்டில கிடக்கிற எல்லாத்தையும் உடைக்கும், நிழலைத் துரத்தும், தன்ர வாலைத் தானே கடிக்கும். பெட்டை 20இல இருந்து 25 கிலோ, கடுவன் 25இல இருந்து 30 கிலோதான் வரும், பாக்க ஒல்லியா இருக்கும், ஆனா ஓடுற சாமானைக் கண்டால் பாயிற குணம் அதின்ர ரத்தத்தில கிடக்கு. உங்கட வளவில ஆறாம் வகுப்புப் பிள்ளை பந்துக்குப் பின்னால ஓடினால் அதுவும் ஓடும், பிடிக்கும், அது கோவத்தில கடிக்கிறதில்லை, ஆனா பிள்ளைக்குக் காயம் காயம்தான். ரியூசன் நடக்கிற வீட்டுக்கு, அதுவும் முதல் சாதி நாயா, மலினுவா வேண்டாம்.

அடுத்தது காவல் எண்டால் என்ன எண்டதை யோசியுங்கோ. மோட்டர் களவெடுக்க வாறவன் சத்தத்துக்குத்தான் பயப்பிடுவான். நாய் எழும்பிக் குலைச்சால் ஒழுங்கை எழும்பும், லைற் எரியும், அவன் வேற வீடு பாப்பான். ஆளைக் கடிச்சு விழுத்திற நாய் உங்களுக்குத் தேவையில்லை. வித்தியாசமான சத்தம் கேட்டால் உடன எழும்பவேணும், பெரிய உருவமா நிக்கவேணும், நீங்கள் "காணும்" எண்டு சொன்னால் நிப்பாட்டவேணும். இந்த மூண்டும் உள்ள நாய்தான் நல்ல காவல் நாய், கடிக்கிறதுக்குப் பழக்கிறம் எண்டு காசு கேக்கிற ஆக்களிட்டப் போயிடாதேங்கோ.

அல்சேசன் ஏன் இதுக்குப் பொருந்துது எண்டால் அது முதல்ல ஆட்டு நாய். 1899இல ஜேர்மனியில மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் எண்டவர் ஹோரண்ட் எண்ட ஒரு நாயை வச்சுத்தான் இந்தச் சாதியைத் தொடங்கினவர். அங்க தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவில வேலி இல்லாத இடங்களில, ஆடு பயிருக்க போகாம எல்லையால மேலயும் கீழயும் நடந்துகொண்டிருக்கிறதுதான் அதின்ர வேலை. இப்பவும் பாருங்கோ, ஆரும் சொல்லிக் குடுக்காமலே வளவைச் சுத்தி ஒரே பாதையால நடக்கும், என்ர வளவில புல்லே இல்லாம ஒரு தடம் விழுந்து கிடக்கு. பெட்டை எடுங்கோ, 22இல இருந்து 32 கிலோக்குள்ள நிக்கும், சங்கிலியில இழுத்தால் உங்களால பிடிக்க ஏலும். கடுவன் 40 வரைக்கும் வரும்.

எடுக்கேக்க முதுகு பின்னுக்குச் சரிஞ்சு, பின்னங்கால் மடிஞ்சு, தவளை மாதிரி நிக்கிறதை எடுக்காதேங்கோ, ஓடுற வீட்டுக்கு அது உதவாது. தாய் தகப்பன்ர இடுப்பு எக்ஸ்றே எடுத்ததோ எண்டு கேளுங்கோ. இடுப்பு மூட்டுப் பிரச்சினை இந்தச் சாதியில கூட.

சுன்னாகம்_சைக்கிள்:

அண்ணை சொன்னதில முக்கால்வாசி சரி, ஆனா எங்கட வெக்கையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே. அல்சேசனுக்கு ரெண்டு அடுக்கு மயிர், சித்திரை வைகாசியில எங்கட பக்கம் எட்டு மணிக்கே ரோட்டு கொதிக்கும். உள்மயிர் வெக்கையையும் கொஞ்சம் தடுக்கும் எண்டது உண்மைதான், அதுக்காக வழிச்சு மொட்டை அடிக்கவும் கூடாது. ஆனா சைக்கிள்ல காரைநகர் போய் வாற ஆக்கள் அதைக் கூட்டிக்கொண்டு போறம் எண்டு நினைச்சால் அது சரிவராது. போற வழியில கடல் ரோட்டில ஒரு மர நிழல் கூட இல்லை, உங்களுக்குத் தெரியும்.

நான் டோபர்மன் வச்சிருந்தனான், ஒட்டின மயிர், ஓட்டத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஜேர்மனியில அப்போல்டா எண்ட ஊரில வரி அறவிடுற ஒருத்தர், தனியக் காசோட போய்வரத் துணைக்கெண்டு உருவாக்கின நாய், அதால ஆளோட ஒட்டிக்கொண்டு நிக்கிற குணம் அதில கூட. அக்கா இரவில தனிய இருக்கிறது எண்டால் அது கால்மாட்டில இருந்து அசையாது. பிள்ளையளோடயும் வளக்கிற விதத்தில வளத்தால் நல்லது. ஆனா மனச்சாட்சியோட ஒண்டு சொல்லவேணும், இதய நோய். இதயத் தசை விரிஞ்சு பலம் இழக்கிற வருத்தம், ஐரோப்பாவில பாத்த டோபர்மன்களில அரைவாசிக்கு மேல வாழ்நாளில ஒரு கட்டத்தில அது வந்திருக்கு. வெளியில ஒண்டும் தெரியாம ஓடிக்கொண்டு நிக்கேக்கயே விழுந்து செத்துப்போறதும் இருக்கு. இதயத்தை வருசா வருசம் ஸ்கான் பண்ணிப் பாக்கிற வசதி இஞ்ச லேசில்லை, பேராதனை மிருக வைத்திய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோகவேண்டி வரலாம். அதைத் தாங்க ஏலுமெண்டால் மட்டும் யோசியுங்கோ. காது வெட்டிறது வால் வெட்டிறதெல்லாம் செய்விக்காதேங்கோ, அதால காவலுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, சும்மா சித்திரவதை.

ரொட்வைலர் நல்ல மனம் உள்ள நாய்தான், ஆனா கடுவன் 50 கிலோக்கு வரும். அந்த எடையோட எங்கட வெயில்ல தூர ஓட்டம் கஷ்டம். மாமிக்கு நல்ல மாதிரிச் சொல்லிவிடுங்கோ.

வேலணை_பழசு:

பிள்ளை, எல்லாரும் ஜேர்மனியில இருந்து நாய் கொண்டுவருகினம், உங்கட ஒழுங்கை முடக்கில நிக்கிறதை ஒருதரும் பாக்கேல்லை. எங்கட ஊர் நாய்க்கு இந்த வெயில், இந்த உண்ணி, இந்தச் சாப்பாடு எல்லாம் பழகின ஒண்டு. 15, 20 கிலோக்குள்ள நிக்கும், மயிர் கட்டை, கால் நீளம், சும்மா விட்டால் நாள் முழுக்க நடக்கும். காதும் மூக்கும் சரியான கூர்மை. யுத்த காலத்தில ஆக்கள் இடம்பெயர்ந்து போய் மாதக்கணக்கில கழிச்சு வந்து பாக்கேக்க, வெறும் வீட்டு வாசல்ல காத்துக்கொண்டு படுத்திருந்த நாயளை நான் கண்ணால கண்டிருக்கிறன். அதுகளுக்கு ஆரும் சாதிப் பேப்பர் எழுதிக் குடுக்கேல்லை.

குட்டி எடுக்கிறதெண்டால் ஆறு கிழமைக்கு முன்னம் தாயிட்ட இருந்து பிரிக்கவேண்டாம், எட்டுக் கிழமை நல்லது. ஆளைக் கண்டு மூலைக்க ஓடி ஒளிக்கிறதை எடுக்காதேங்கோ, பயந்த நாய்தான் பிறகு கடிக்கும். மற்றக் குட்டியளை ஏறி மிதிச்சுச் சண்டை பிடிக்கிறதும் வேண்டாம். கிட்ட வந்து மணந்து பாத்து, சத்தம் கேட்டால் திடுக்கிட்டாலும் திரும்பி வந்து என்னெண்டு பாக்கிற குட்டிதான் உங்களுக்குச் சரி. பாக்க ரொட்வைலர் மாதிரிப் பயங்கரமா இராது எண்டது உண்மை, ஆனா இரவில குலைக்கேக்க கள்ளனுக்கு அதின்ர சாதி தெரியப்போறதில்லை.

தமிழ்நாட்டில இருந்து ராஜபாளையம் எடுப்பிக்கலாம் எண்டு சில பேர் சொல்லுவினம். வடிவான நாய், 2005இல இந்தியாவில முத்திரையும் அடிச்சவை. ஆனா முழு வெள்ளையில காது கேளாத குட்டியள் பிறக்கிறது இருக்கு, புது ஆக்களில நம்பிக்கையும் வைக்காது, ரியூசன் வீட்டுக்கு நான் சொல்லமாட்டன்.

குளிசையும்_ஊசியும்:

நான் மிருக வைத்தியத்துறையில வேலை செய்யிறனான், சாதியைப் பற்றிக் கதைக்க வரேல்லை, எதை எடுத்தாலும் தெரியவேண்டிய விசயங்கள் கொஞ்சம் கிடக்கு.

முதலாவது, தங்கச்சி, இப்ப குட்டி எடுத்தால் அது ஒரு வருசத்துக்கு உங்களோட ஓடாது. பெரிய சாதி நாய்க்கு எலும்பு நுனியில வளருற பகுதி மூடி இறுக 12இல இருந்து 18 மாதம் செல்லும், அதுக்கு முன்னம் தார் ரோட்டில தூரம் ஓட்டினால் மூட்டு பழுதாப்போகும், சைக்கிளுக்குப் பின்னால ஓட்டிறதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். அதுவரைக்கும் நடை, மணல்ல விளையாட்டு, கடல்ல நீச்சல் காணும். வளந்த பிறகும் சாப்பிட்ட உடன ஓட்டக்கூடாது, அல்சேசன், டோபர்மன் மாதிரி நெஞ்சு ஆழமான நாயளுக்கு வயிறு ஊதி முறுகிற வருத்தம் இருக்கு, சில மணித்தியாலத்திலயே நாயின்ர உயிரை எடுத்திடும். சாப்பாட்டை ஒரே நேரத்தில குவிச்சுப் போடாம காலையும் பின்னேரமுமாப் பிரிச்சுக் குடுங்கோ.

வெக்கை. நாய்க்கு எங்களை மாதிரி உடம்பால வேர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைச்சுத்தான் சூட்டை வெளியில விடும். காத்தில ஈரப்பதன் கூடின நாளில அதுவும் சரியா வேலை செய்யாது. நல்ல சுகமா இருக்கிற நாய்க்கு உடம்புச் சூடு 38 இல்லாட்டி 39 பாகை, 41ஐத் தாண்டினால் உயிராபத்து. ஓடிக்கொண்டிருக்கேக்க தள்ளாடினால், எச்சில் கட்டியா வடிஞ்சால், பல்லு முரசு கடுஞ்சிவப்பா மாறினால் உடன நிப்பாட்டி, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்கோ, காத்துப் படவிடுங்கோ, முதல்ல குளிராக்கிப்போட்டு அதுக்குப் பிறகு வைத்தியரிட்டக் கொண்டு ஓடுங்கோ. ஈரத்துணியால மூடி வச்சால் சூடு உள்ளுக்கயே நிண்டுபோடும், அதைச் செய்யாதேங்கோ. விடிய வெயில் ஏற முன்னம் ஓட்டம் முடிஞ்சிடவேணும். வெளிக்கிட முன்னம் புறங்கையை ரோட்டில வச்சுப் பாருங்கோ, உங்களால பொறுக்க ஏலாட்டி அதின்ர பாதத்துக்கும் ஏலாது.

உண்ணி. இஞ்ச வாற நாயளில பாதி வருத்தம் உண்ணியாலதான் எண்டு சொல்லலாம் போல இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது, முரசு வெளிறும், சில நேரம் மூக்கால ரத்தம் வரும். வெளிநாட்டுச் சாதியளை அது சரியாத் தாக்கும். உண்ணிக்கு மாதத்துக்கு ஒருக்காக் குடுக்கிற குளிசை இருக்கு, விலை கூடத்தான், ஆனா அதைப் பாத்தே நாய்ச் செலவைக் கணக்குப் போடுங்கோ, பிறகு ஏலாது எண்டு இடையில நிப்பாட்டிறதில அர்த்தம் இல்லை.

ஊசி: விசர்நாய் ஊசி வருசா வருசம், பாவோ, டிஸ்ரெம்பர் எண்ட நாய் வைரசு வருத்தங்கள், எலிக்காய்ச்சல் எல்லாத்துக்கும் சேத்துப் போடுற ஊசி குட்டியில தொடங்கி. எலிக்காய்ச்சலைச் சின்ன விசயமா எடுக்காதேங்கோ, 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில சனத்துக்கே அது பரவி ஆக்கள் செத்தவை, மாரியில தேங்கின தண்ணிக்கால ஓடுற நாய்க்கும் வரும். நாயைப் பிரதேச சபையில பதியவும் வேணும்.

அதோட புடையனும் சுருட்டையும் எங்கட வளவுகளில இருக்கு. பின்வேலியோட ஓலை, கல்லு, தகரம் குவிச்சு வச்சிருந்தால் நாய் வர முன்னம் அள்ளிப்போடுங்கோ. பாம்பைக் கண்டால் விடாம நிண்டு குலைக்கிற நாயளுக்குத்தான் மூஞ்சியில கடி விழுறது.

விடியஓட்டம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவரைப் பக்கத்தில இருத்தி வாசிச்சுக் காட்டினனான். மலினுவாக் கதை முடிஞ்சுது, ரியூசன் பிள்ளையளைப் பற்றி எழுதினதை வாசிச்ச உடன அவரே வேண்டாம் எண்டிட்டார். இப்ப எங்களுக்குள்ள அல்சேசன் பெட்டையா ஊர் நாயா எண்டுதான் கதை போகுது. ஒரு வருசம் ஓட ஏலாது எண்டது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனா இரவில துணை எண்டதுதான் எனக்குப் பெரிசு. குட்டி காவல் காக்கத் தொடங்க எவ்வளவு காலம் செல்லும்? அதுவரைக்கும் நான் என்ன செய்யிறது? அம்மா சொன்ன மாதிரிச் சங்கிலியில கட்டிறது சரியோ?

நல்லூரடி:

தங்கச்சி, நீங்கள் ஏன் குட்டிதான் எடுக்கவேணும் எண்டு நிக்கிறியள்? குட்டி எண்டால் ஒரு வயசு தாண்டும் வரைக்கும் அதை நீங்கள்தான் காக்கவேணும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கட பக்கத்தில எத்தினை குடும்பம் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிட்டுது, போகேக்க நாயைக் கொண்டுபோக ஏலாம அழுதுகொண்டு ஆக்கள் தேடித் திரியினம். ரெண்டு மூண்டு வயசு வந்த நாயெண்டால் அதின்ர குணம் என்னெண்டு கண்ணால பாக்கலாம், இடுப்பு நல்லதோ எண்டு எக்ஸ்றே எடுத்துப் பாக்கலாம், வீட்டில ஒரு மாதம் பழகவிட்டு மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினால் உங்களோட ஓடத் தொடங்கும். நாய் ஆளை மறக்காது, புது ஆளோட சேராது எண்டு சொல்லுவினம், அப்பிடியில்லை, சேரும், கொஞ்சக் காலம் குடுக்கவேணும். எங்கட வீட்டில இப்ப நிக்கிற அல்சேசன் கலப்புப் பெட்டை அப்பிடி வந்ததுதான், வந்த புதுசில படலையைப் பாத்துக்கொண்டே படுத்திருந்தது, இப்ப என்ர மகள் ரோட்டுக்கு இறங்கினால் அவளுக்கு முன்னுக்கு அது நிக்கும்.

நாயைப் பாக்கப் போகேக்க ஒரு தரம் போய்த் தூக்கிக்கொண்டு வராதேங்கோ. ஒருக்கா பின்னேரம், ஒருக்கா இரவு, ஒருக்கா தெரிஞ்ச பிள்ளையளோட போங்கோ. பிள்ளையள் தூரத்தில ஓடேக்க அது என்ன செய்யுது எண்டு பாருங்கோ, எழும்பிப் பாத்திட்டுத் திரும்பப் படுத்தால் நல்லது, உடம்பு விறைச்சு, கண் வெட்டாம பாத்தால் விட்டிட்டு வாங்கோ. சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போகேக்க உறுமுதோ எண்டும் வீட்டுக்காரரிட்டக் கேளுங்கோ, ஏன் குடுக்கினம் எண்டும் வடிவா விசாரியுங்கோ. கடிச்சதுக்காகக் குடுக்கிற நாயை வெளிநாடு போறம் எண்டு சொல்லித் தள்ளிவிடுற ஆக்களும் இருக்கினம்.

அல்சேசன்_கோப்பாய்:

நல்லூரடி சொன்னது நல்ல யோசினை, ரியூசன் வீட்டுக்கு அதுதான் பாதுகாப்பும் கூட.

சங்கிலியைப் பற்றி: கட்டவே கட்டாதேங்கோ. பகல் முழுக்கப் படலையடியில கட்டின நாய் போற வாற எல்லாரையும் எதிரியாப் பாக்கப் பழகும், ஒருநாள் சங்கிலி அறும், அண்டைக்கு முன்னுக்கு நிக்கிறது உங்கட ரியூசன் பிள்ளையா இருக்கும். ரியூசன் நேரத்தில பின்வளவில நிழலோட ஒரு அடைப்புச் செய்து அதுக்குள்ள விடுங்கோ, இல்லாட்டி உள்ளறையில கதவைச் சாத்தி விடுங்கோ, எவ்வளவு நல்ல நாயெண்டாலும் பிள்ளையளோட தனிய விடவேண்டாம். இரவில வீட்டுக்குள்ள, உங்கட அறை வாசல்ல படுக்க விடுங்கோ. வெளியில படுக்கிற நாய்க்கு மதிலால இறைச்சித் துண்டில மருந்து தடவி எறிஞ்சிட்டுத்தான் களவுக்கு வருவினம், உள்ளுக்க படுக்கிற நாய்க்கு அதைச் செய்ய ஏலாது. நிலத்தில கிடக்கிறதை உங்கட சொல் கேக்காம வாயில வைக்கக்கூடாது எண்டு எடுத்த முதல் நாளில இருந்தே பழக்குங்கோ, மற்றப் பழக்கமெல்லாம் பிறகு.

வெடிச்சத்தத்துக்கும் பழக்கவேணும். கோயில் திருவிழா, தீபாவளி, வருசப்பிறப்பு எண்டு எங்கட ஊரில வெடி ஓயிறதில்லை, வெடிக்குப் பயந்து மதில் பாய்ஞ்சு ஓடித் துலையிற நாயள் கன.

சுன்னாகம்_சைக்கிள்:

நாய் வர முன்னம் ரெண்டு வேலை செய்யுங்கோ அக்கா. பின்னால தகரவேலி இருக்கிற பக்கம் ஆள் வந்தால் தானா எரியிற லைற் ஒண்டு பூட்டுங்கோ, மோட்டருக்குக் கம்பிக்கூடு அடிச்சுப் பூட்டுப் போடுங்கோ. அண்ணை இரவில இல்லாத நாளில இண்டைக்கே அது உதவும், நாயையும் அவசரப்படாமத் தேடலாம்.

விடியஓட்டம்:

லைற் நாளைக்குப் பூட்ட ஆள் வாறார். இவரோட வேலை செய்யிற ஒராளின்ர தமக்கை குடும்பம் அவுஸ்திரேலியா போகுதாம், அவையிட்ட மூண்டு வயசு அல்சேசன் பெட்டை ஒண்டு நிக்குதெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்பட்டம், இருபாலையில. சனிக்கிழமை பின்னேரம் முதல் தரம் போய்ப் பாக்கப்போறம், என்ர அக்கான்ர ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு. எக்ஸ்றே எடுக்கிறதுக்கு ஆரிட்டக் கேக்கவேணும் எண்டு குளிசையும்_ஊசியும் அக்காவுக்குத் தனியா எழுதிறன்.